மண் தின்னும் மாடும் வெள்ளைப் பொடியும்

தொழுவத்துக் கேள்விகள்: டாக்டரம்மா பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம், தாது உப்பு. கடைக்காரர் சொன்ன மினரல் மிக்சர், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கால்சியம் டானிக், பாட்டி சொன்ன சுண்ணாம்புத் தண்ணீர் என்று ஆளுக்கொரு குழப்பம். சரி, இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. மதுரை மாவட்டத்து ஊர்களில் முப்பது வருடத்துக்கு மேல் மாடு பார்த்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் தொழுவில் இன்னும் இரண்டு கறவை நிற்கிறது. எழுதுவதை அவற்றிடம் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஜெர்சிக் கலப்பு மாடு இரண்டாவது ஈத்து. நேரத்துக்கு 4 லிட்டர் கறக்கிறது. வைக்கோல், நெல் தவிடு, கடலைப் புண்ணாக்கு கொடுக்கிறோம். இரண்டு மாதமாகச் சுவரை நக்குகிறது, மண் தின்கிறது. போன வாரம் கொடியில் காயப்போட்ட சேலையையே தின்றுவிட்டது. கன்று ஈன்று ஐந்து மாதம் ஆகியும் பருவத்துக்கு வரவில்லை. மினரல் பவுடர் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுமா?
வாசகி, சோழவந்தான்

முதலில் ஒன்று சொல்லுங்கள் அம்மா. அந்தச் சேலையில் ஊக்கு குத்தியிருந்ததா? துணியே செரிக்காமல் வயிற்றில் கிடக்கும். ஊக்கு அதைவிட மோசம், இரைப்பையைக் குத்திக்கொண்டு நெஞ்சுப் பக்கம் நகரும். மாடு இரை எடுக்காமல், முதுகைக் கூனிக்கொண்டு, படுக்கும்போதும் எழும்போதும் முனகினால் பொடியை மறந்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

மாடு மண்ணையும் சுவரையும் தேடிப் போனால் பெரும்பாலும் பாஸ்பரஸ் குறைந்திருக்கும், அல்லது சாதாரண உப்பு குறைந்திருக்கும். குடற்புழு இருந்தாலும் இதே கூத்துதான். மண் தின்னத் தின்னப் புழு இன்னும் சேரும். அதனால் முதல் வேலை சாணத்தைப் பரிசோதித்துப் புழு மருந்து கொடுப்பது. புழுவை உள்ளே வைத்துக்கொண்டு பொடி போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

அப்புறம் உங்கள் தாழிக்குள் என்ன விழுகிறது என்று பார்ப்போம். ஒரு லிட்டர் பாலோடு ஏறக்குறைய ஒன்றேகால் கிராம் கால்சியமும், ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் பாஸ்பரஸும் மாட்டின் உடம்பிலிருந்து வெளியே போகிறது. இரண்டு நேரமும் சேர்த்து 8 லிட்டர் கறக்கிற உங்கள் மாட்டுக்கு அது தினம் 10 கிராம் கால்சியம். தின்கிற கால்சியம் எல்லாமும் உடம்பில் ஒட்டாது, பாதிகூடத் தேறுவது சிரமம். ஆக, தீவனத்தில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால்தான் பாலுக்கே கட்டும், உடம்புக்கு வேண்டியது தனி. வைக்கோலோ வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். அதில் பாஸ்பரஸ் இருக்கிறது என்று சொல்வதே உபசாரத்துக்கு. இருக்கிற கொஞ்சம் கால்சியத்திலும் ஒரு பங்கை வைக்கோலிலேயே உள்ள ஆக்சலேட் பிடித்து வைத்துக்கொள்ளும். நெல் தவிடு நேர் எதிர், பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். தவிடு எத்தனை கிலோ என்று நீங்கள் எழுதவில்லை. கழனித் தண்ணீரில் ஒரு கை தூவுவதைத்தான் ‘தவிடு கொடுக்கிறோம்’ என்று சொல்கிறீர்கள் என்றால் இரண்டுமே பற்றாக்குறைதான். உங்கள் மாடு மண் தின்பதைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வருகிறது.

இதில் என்ன வேடிக்கை என்றால், நீங்கள் இருப்பது சோழவந்தானில். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை. உங்கள் ஊர் வெற்றிலைக் கொடி படர்ந்து நிற்பதே அகத்தி மரத்தில்தானே? ஒரு கிலோ பச்சை அகத்திக் கீரையில் 10 கிராமை ஒட்டிக் கால்சியம் இருக்கிறது, புரதம் வேறு. அமாவாசைக்கு ஒரு கட்டு வாங்கி மாட்டுக்குக் கொடுத்துக் கும்பிடுகிறோம். மற்ற நாளிலும் கொடுத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. கொடிக்காலில் கழிக்கிற அகத்தியைக் கேட்டு வாங்கி, தினம் 2 கிலோ, 3 கிலோ போடுங்கள். மருந்து அடித்த கொடிக்காலாக இருந்தால் எப்போது அடித்தார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

அகத்தி கால்சியத்தைப் பார்த்துக்கொள்ளும். துத்தநாகம், தாமிரம், அயோடின், கோபால்ட் எல்லாவற்றையும் வேண்டிய அளவுக்கு அதுவே கொடுத்துவிடும் என்று நம்ப முடியாது. இவை மில்லிகிராம் கணக்கில்தான் தேவை, ஆனால் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும். தாமிரம் குறைந்த கறுப்பு மாட்டைப் பாருங்கள், முடி செம்பட்டை ஏறிக் கண்ணைச் சுற்றி வெளிறி, மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி இருக்கும். துத்தநாகம் குறைந்தால் தோல் தடித்துச் சொரசொரப்பாகும், குளம்பு கெடும். கோபால்ட் இல்லாவிட்டால் மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களால் பி12 தயாரிக்க முடியாது, மாடு இரை எடுக்காமல் மெலியும். அதற்குத்தான் தாது உப்புக் கலவை. உங்கள் மாட்டுக்குத் தினம் 50 கிராம், கூடவே சமையல் உப்பு 30 கிராம். கிடேரிக்கு 20, 25 கிராம் போதும், கன்றுக்கு 5 முதல் 10.

50 கிராம் என்றால் எவ்வளவு என்று கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகக் கையைக் குவித்துக் காட்டுவார்கள். மளிகைக் கடைத் தராசில் ஒரு தடவை 50 கிராம் நிறுத்து, பழைய டம்ளர் ஒன்றில் கொட்டி, மட்டம் நிற்கிற இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறிவிடுங்கள். எங்கள் வீட்டு டம்ளரில் இரண்டு கோடு இருக்கிறது, மேலே கறவைக்கு, கீழே கிடேரிக்கு. பொடியைத் தண்ணீர்த் தாழியில் கொட்டாதீர்கள். மாடு மேலே இருக்கிற தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகும், வாங்கின பொடி அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கும். எத்தனையோ வீட்டில் தாழியைக் கழுவும்போது காசைக் கழுவி ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். தவிட்டையும் புண்ணாக்கையும் ஈரமாகப் பிசறி, அதோடு சேர்த்துப் பிசையுங்கள்.

பருவத்துக்கு வராததற்குப் பொடி மட்டும் பதில் சொல்லாது. ஐந்து மாதம் ஆகிவிட்டதால் டாக்டரிடம் கருப்பையைக் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டின் விலா எலும்பை நின்ற இடத்திலிருந்தே எண்ண முடிகிறது என்றால் தீவனமே பற்றவில்லை என்று அர்த்தம். அப்படி மெலிந்த மாட்டுக்கு எந்தப் பொடியும் பருவத்தைக் கொண்டு வராது. கத்தாமலே பருவத்துக்கு வந்துபோகிற மாடுகளும் உண்டு. விடியற்காலையில் மாடு படுத்திருந்த இடத்தில் கண்ணாடி மாதிரி வழுவழுப்பான கசிவு கிடக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாகச் செய்தாலும் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

எங்கள் மாடு நான்காவது ஈத்து ஈன்ற அன்று இரவே படுத்துவிட்டது. காது ஜில்லென்று ஆகி, கழுத்தை விலாப் பக்கம் மடக்கி வைத்துக்கொண்டது. டாக்டர் வந்து கால்சியம் ஏற்றியதும் எழுந்தது. ஏழாம் மாதத்திலிருந்து தினமும் 100 மில்லி கால்சியம் டானிக் கொடுத்து வந்தோம். அப்படியும் எப்படிக் கால்சியம் குறையும்? டானிக் போலியா?
வாசகர், செல்லம்பட்டி

டானிக் நல்ல டானிக்காகவே இருந்திருக்கும் தம்பி. கொடுத்த நேரம்தான் தப்பு. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், இதே தப்பை நானே செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. அம்மாவின் மாடு நிறைசினை. மகள் மாட்டு டாக்டர் என்ற பெருமையில் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நானும் என் பங்குக்கு, கன்று போடப் போகிற மாடு ஆயிற்றே என்று ஒன்றரை மாதம் டானிக்கும், அது போதாதென்று தினம் ஒரு கட்டு அகத்தியும் கொடுக்கச் சொன்னேன். ஐப்பசி மழை கொட்டுகிற ராத்திரி, கன்று நல்லபடியாக விழுந்தது. அம்மா மடியை ஒட்டக் கறந்து, சீம்பாலை அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்துவிட்டார். விடிவதற்கு முன்னால் மாடு தள்ளாடி உட்கார்ந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மூக்கு காய்ந்து, காது ஈரத் துணி மாதிரி ஜில்லென்று, தலையைத் திருப்பி விலாவில் சாய்த்துக்கொண்டு, என்னை யாரோ மாதிரி பார்த்தது. கால்சியம் பாட்டிலை வெந்நீர்ச் சட்டியில் வைத்துச் சூடேற்றி, ஒரு காதில் ஸ்டெதாஸ்கோப்போடு, இதயத் துடிப்பைக் கேட்டுக் கேட்டுச் சொட்டுச் சொட்டாக ஏற்றினேன். கால் மணி நேரத்தில் விலாத் தசை நடுங்க ஆரம்பித்தது. பெரிதாக ஒரு ஏப்பம். மூக்கில் முத்து முத்தாக வேர்வை. அப்புறம் சாணி போட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் சாணியைப் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மா மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்: “ஒன்னக் கேக்காம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் போலருக்கே.”

நடந்தது இதுதான். மாட்டின் ரத்தத்தில் எந்நேரமும் ஓடுவது ஏறக்குறைய 3 கிராம் கால்சியம். 10 லிட்டர் சீம்பாலில் 20 கிராமுக்கு மேல் போகிறது. ஈன்ற அன்று மடி அதை உறிஞ்ச உறிஞ்ச, எலும்பிலும் குடலிலும் இருந்து உடனே எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்த உத்தரவைப் போடுவது கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு என்ற சின்னச் சுரப்பி. கடைசி மூன்று வாரம் வாய் வழியாகவே கால்சியம் தாராளமாக வந்துகொண்டிருந்தால் அந்தச் சுரப்பிக்கு வேலை இல்லை, சோம்பிக் கிடக்கும். திடீரென்று வேலை வந்ததும் சுதாரித்து எழ இரண்டு மூன்று நாளாகும். மாடு படுக்க ஒரே ராத்திரி போதும். மூன்றாவது ஈத்துக்கு மேல் போன மாடுகளுக்கும், ஜெர்சி ரத்தம் அதிகமுள்ள மாடுகளுக்கும், கறவை அதிகமுள்ள மாடுகளுக்கும் இந்தப் பால் காய்ச்சல் அதிகம் வரும். பெயர்தான் காய்ச்சல், உடம்பு என்னவோ குளிர்ந்துதான் போகும்.

அடுத்த ஈத்துக்கு இப்படிச் செய்யுங்கள். ஈனும் நாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே டானிக்கை நிறுத்துங்கள். அகத்தி, குதிரைமசால், வேலிமசால் மாதிரி கால்சியம் நிறைந்த பச்சைத் தீவனம் எதுவும் அந்த மூன்று வாரம் வேண்டாம். சோளத்தட்டை, வைக்கோல், புல், அளவாக அடர்தீவனம் போதும். தாது உப்புப் பொடியை 30 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள கால்சியம் 6 கிராம்தான், கெடுதல் செய்யாது. மற்ற சத்துகளும், குறிப்பாக மெக்னீசியம், அந்தச் சுரப்பியின் உத்தரவு வேலை செய்வதற்குத் தேவை. கன்று விழுந்த அன்று டானிக்கை ஆரம்பியுங்கள், அதுதான் அதற்கான நேரம். முன்பு ஒருமுறை படுத்த மாடு என்பதால் முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்காதீர்கள். கன்றுக்கு வயிறு நிறையக் கொடுத்துவிட்டு மீதியை மடியிலேயே விடுங்கள்.

பழைய ஆட்கள் சைக்கிள் பம்பால் மடியில் காற்றடித்தே மாட்டை எழுப்பினார்கள் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். ஏறக்குறைய 120 வருடத்துக்கு முன் டென்மார்க்கில் அதுதான் வைத்தியம். மடியில் அழுத்தம் ஏறினால் பால் சுரப்பது நிற்கும், கால்சியம் வெளியே போவதும் நிற்கும். மாடு எழுந்துகொள்ளும், கூடவே மடிநோயும் வரும். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். மாடு மறுபடி படுத்தால், பக்கவாட்டில் சாயாமல் நெஞ்சு தரையில் இருக்கும்படி வைக்கோல் மூட்டை அண்டை கொடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். வாயில் டானிக்கோ கஞ்சியோ ஊற்றவே கூடாது. அந்த நேரத்தில் மாட்டால் சரியாக விழுங்க முடியாது, நேரே நுரையீரலுக்குப் போய்விடும். பாட்டிலை வாங்கி நீங்களே நரம்பில் ஏற்றுகிற வேலையும் வேண்டாம். வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும்.

எங்கள் பாட்டி சுண்ணாம்பைக் கரைத்து, தெளிவை மட்டும் எடுத்து மாட்டுக்குக் கொடுப்பார். அதைச் செய்தால் போதாதா?
வாசகி, அலங்காநல்லூர்

தெளிவை மட்டும் கொடுப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் சுண்ணாம்பு தண்ணீரில் கரைவது மிகக் கொஞ்சம். எவ்வளவு சுண்ணாம்பைப் போட்டாலும் ஒரு லிட்டர் தெளிவில் ஒன்றரை கிராமுக்குக் கொஞ்சம் மேலேதான் கரைந்திருக்கும், அதில் கால்சியம் ஒரு கிராமுக்கும் குறைவு. மாடு ஒரு லிட்டர் பாலில் விடுவதைக்கூட அது ஈடு கட்டவில்லை. அதற்காகத் தெளிவை விட்டுவிட்டு வண்டலைக் கொடுக்கலாம் என்று போய்விடாதீர்கள், வாயும் தொண்டையும் வெந்துவிடும்.

என் தாத்தா இருநூறு புலிக்குளம் மாடு வைத்திருந்தார். ஒன்றுக்கும் மினரல் மிக்சர் கொடுத்ததில்லை. இதெல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம்தானே டாக்டரம்மா?
வாசகர், மேலூர்

வியாபாரமும் உண்டு ஐயா, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் தாத்தாவின் மாடு காலையில் கிடையிலிருந்து கிளம்பினால் கண்மாய்க் கரை, குறுங்காடு, அறுத்த வயல் என்று பல மைல் நடந்து, நூறு செடியில் நூறு வாய் கடித்துவிட்டு வரும். ஒரு மண்ணில் இல்லாதது இன்னொரு மண்ணில் கிடைத்துவிடும். அதில் பால் கறந்தவர்களும் குறைவு. கன்று குடித்தது போக ஒரு லிட்டர் தேறினால் அதிகம். கிடை போட்டால் வயலுக்கு உரம், காளைக்கன்று விற்றால் காசு, வாடிவாசலில் நின்றால் பெயர். பாலுக்காக வைத்த மாடே இல்லை அது.

இன்றைக்கு மூன்றடிக் கயிற்றில் கட்டிப்போட்டு, நாம் போடுவதை மட்டும் தின்று, 10 லிட்டர் கறக்கிற மாட்டோடு அதை ஒப்பிட்டால் எப்படி? உங்களிடம் இன்னமும் மேய்கிற புலிக்குளம் மாடு இருந்தால், தாத்தா செய்தது போலவே செய்யுங்கள். கோடையில் மேய்ச்சல் காய்ந்த மாதங்களில் மட்டும் தொழுவில் ஒரு தாது உப்புக் கட்டியைத் தொங்கவிடுங்கள், வேண்டிய மாடு நக்கிக்கொள்ளும். நிறையக் கறக்கிற மாட்டுக்குக் கட்டியை நம்ப முடியாது. ஒன்று நாள் முழுக்க நக்கும், இன்னொன்று திரும்பிக்கூடப் பார்க்காது.

கடையில் ஒரே அளவுப் பை ஒன்று மலிவாக இருக்கிறது, இன்னொன்று இரண்டு மடங்கு விலை. எதை வாங்குவது?
வாசகர், திருமங்கலம்

பையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஐஎஸ் 1664 என்ற தர எண் இருக்கிறதா? உப்புச் சேர்க்காத கலவையில் கால்சியம் குறைந்தது 20 சதவீதம், பாஸ்பரஸ் 12 சதவீதம் இருக்க வேண்டும். விலை உயர்ந்த சரக்கு பாஸ்பரஸ்தான், அதனால் மலிவுப் பையில் முதலில் குறைவதும் அதுதான். வெறும் சுண்ணாம்புக்கல் தூளுக்கு மினரல் என்று பெயர் வைத்தால் கால்சியம் 30 சதவீதம்கூடக் காட்டும், பாஸ்பரஸ் என்ற வரியே இருக்காது. ஃபுளோரின் 0.07 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சுத்திகரிக்காத பாறைப் பாஸ்பேட்டைக் கலந்தால் அது ஏறும். ஏறினால் மாட்டுக்குப் பல் கறை பிடிக்கும், கொஞ்ச வருடத்தில் காலைத் தாங்கித் தாங்கி நொண்டும். நம் கால்நடைப் பல்கலைக்கழகமே தானுவாஸ் என்ற தன் சுருக்கப் பெயரில் தாது உப்புக் கலவை தயாரிக்கிறது. திருப்பரங்குன்றத்தில் அவர்களுடைய பயிற்சி மையம் இருக்கிறது, போய் விசாரியுங்கள். உங்கள் ஊர்ப் பால் சங்கத்திலும் கேட்டுப் பாருங்கள். வாங்கிய பையை ஈரம் படாத இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் எலி ஓட்டை போட்ட பை ஒன்று ஒரு மழைக்காலத்தில் கல்லாகிப்போனது.

போர்த் தண்ணீர் கரிக்கிறது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. அதிலேயே எல்லா உப்பும் இருக்கிறதே, தனியாகக் கொடுக்க வேண்டுமா?
வாசகி, பேரையூர்

பாத்திரத்தில் படிவது கால்சியமும் மெக்னீசியமும், நாக்கில் கரிப்பது பெரும்பாலும் சோடியம். பாஸ்பரஸ், துத்தநாகம், தாமிரம் அதில் எதிர்பார்க்க முடியாது. அதனால் தாது உப்புக் கலவை வேண்டும், சமையல் உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மாடு அந்தத் தண்ணீரை வயிறு நிறையக் குடிக்கிறதா என்பதுதான் எனக்குக் கவலை. முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கினால் மழைத் தண்ணீரோ வேறு தண்ணீரோ கலந்து கொடுங்கள். தண்ணீர் குறைந்தால் அன்றைக்கே பால் குறையும்.

மாட்டுக்கு வாங்கின தாது உப்பையே செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் போடலாமா? ஒரு மாதமாகப் போட்டு வருகிறோம்.
வாசகர், டி.கல்லுப்பட்டி

செம்மறிக்கு இன்றோடு நிறுத்திவிடுங்கள். மாட்டுக் கலவையில் உள்ள தாமிரம் செம்மறிக்கு ஆகாது. கல்லீரலில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போய், வெயிலிலோ அலைச்சலிலோ ஒரு நாள் மொத்தமாக ரத்தத்தில் கொட்டும். வெள்ளாடு கொஞ்சம் தாங்கும், ஆனாலும் ஆடுகளுக்கென்று தனிக் கலவை விற்கிறது, அதையே வாங்குங்கள். நிறுத்தின பிறகும் சில வாரம் செம்மறிகளைக் கவனியுங்கள். கண் இமையின் உட்புறம் மஞ்சள் தட்டினாலோ, மூத்திரம் கறுஞ்சிவப்பாகப் போனாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அந்த ஆட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு.